அப்பாவின் துப்பாக்கி: லைசென்ஸ் எடுப்பதா, விட்டுவிடுவதா?

செம்பனைமகன் (நிபோங் திபால்)

வணக்கம். அப்பா தவறி நாற்பது நாள் ஆகிறது. 16ஆம் நாள் காரியம் முடிந்ததிலிருந்து வீட்டில் ஒரே பேச்சு, அவருடைய துப்பாக்கியைப் பற்றித்தான். அதனால்தான் இங்கே கேட்கிறேன்.

இங்கே மலேசியாவில் எங்களுக்கு ஆறு ஏக்கர் செம்பனை (பாமாயில் மரம்). கிழட்டு மரங்களைச் சாய்த்துவிட்டு மூன்று வருஷத்துக்கு முன்னால் அப்பா புதுக் கன்று வைத்தார். வைத்த முதல் மாதமே பன்னி இறங்கிவிட்டது. கன்றை மூக்கால் கெல்லிப் போட்டு, அடிக்குருத்தை மட்டும் தின்றுவிட்டுப் போகும். விடிந்து போய்ப் பார்த்தால் ஒரு வரிசையே சாய்ந்து கிடக்கும். அப்பாவிடம் பயிர்ப் பாதுகாப்புக்கென்று லைசென்ஸ் வாங்கிய செனாப்பாங் பாத்தா (நடுவில் மடக்கித் திறக்கிற வேட்டைத் துப்பாக்கி) ஒன்று இருந்தது. 12 போர், ஒற்றைக் குழல். இருபது வருஷத்துக்கு மேல் வைத்திருந்தார். லைசென்ஸ் புதுப்பிக்கிற தேதியைக் காலண்டரில் சிவப்பு மையில் வட்டம் போட்டு வைப்பார். ரோட் டேக்ஸ் மறந்தாலும் மறப்பார், இதை மறக்க மாட்டார்.

அவர் போன மூன்றாம் நாள் நானே துப்பாக்கியைத் துணியில் சுற்றி, தோட்டாக்களையும் லைசென்ஸையும் எடுத்துக்கொண்டு காரில் போய் போலீஸ் பாலாயில் ஒப்படைத்தேன். எண்ணிப் பார்த்து எழுதி வாங்கிக்கொண்டார்கள்.

இப்போது மாமா சொல்கிறார்: "அது உங்கப்பா சொத்து. உன் பேருக்கு மாத்திக்கோ. ராத்திரி நாலு பேரு கதவ ஒடைச்சிக்கிட்டு வந்தா என்னா பண்ணுவே? அது உன் உரிமைடா." மனைவி வேண்டவே வேண்டாம் என்கிறார். ஏழு வயசிலும் நாலு வயசிலும் பிள்ளைகள் ஓடி விளையாடுகிற வீடு. அம்மா வாயே திறக்கவில்லை. அலமாரிச் சாவி இன்னும் அவர் முந்தானையில்தான் முடிந்திருக்கிறது. அலமாரி காலி.

அனுபவப்பட்டவர்கள் சொல்லுங்கள். விண்ணப்பம் போடலாமா?

காசுவண்டிக்காரன் (பட்டர்வொர்த்)

தம்பி, அப்பாவுக்கு என் அனுதாபம். ஆனா ஒண்ணு சொல்லியே ஆகணும். நீ செஞ்ச காரியம் நல்ல எண்ணத்துல செஞ்சதுதான், செஞ்ச விதம் தப்பு. லைசென்ஸ் அப்பா பேர்ல. அவர் கண்ண மூடின அன்னைக்கே அந்தத் துப்பாக்கிய தொட்டுத் தூக்க உனக்கு அனுமதி கிடையாது. வழியில போலீஸ் ரோட் பிளாக் இருந்து காரோட பின்பெட்டியத் திறக்கச் சொல்லியிருந்தா? லைசென்ஸ்ல இருக்கிற பேர் வேற, கார் ஓட்டுறவன் பேர் வேற. பாலாய்க்கு போன் அடிச்சி, "அப்பா தவறிட்டாரு, துப்பாக்கி இருக்கு, வந்து எடுத்துக்குங்க"ன்னு சொல்லியிருக்கணும். இத படிக்கிற மத்தவங்களும் ஞாபகம் வெச்சிக்குங்க.

நான் பதினொரு வருஷம் காசு வண்டியில, அதான் பேங்க் பணம் கொண்டுபோற வண்டியில, காவலுக்கு பம்ப் கன் புடிச்சி நின்னவன். காலையில வேலைக்குப் போனா கையெழுத்துப் போட்டுத் துப்பாக்கி எடுக்கணும், தோட்டாவ எண்ணி வாங்கணும். சாயங்காலம் எண்ணிக் கொடுத்துக் கையெழுத்துப் போடணும். ஒரு தோட்டா குறைஞ்சா அன்னைக்கு யாரும் வீட்டுக்குப் போக முடியாது. ஒருவாட்டி அப்படி ராத்திரி மணி பத்து வரைக்கும் தேடினோம். வண்டி சீட்டு இடுக்குல கெடந்துச்சு. அன்னைக்கு என் மூத்த பொண்ணுக்குப் பொறந்த நாள். கேக் வெட்டாம காத்துக்கிட்டு இருந்துச்சு புள்ள.

பதினொரு வருஷத்துல நான் ஒரு தோட்டா சுட்டதில்ல. ஆனா பதினொரு வருஷமும் அது என் தோள்ல தொங்குனது மட்டுமில்ல, மண்டைக்குள்ளயும் தொங்குச்சு. வேலைய விட்ட பிறகுதான் நல்லா தூங்கினேன்.

செராஸ் மீனா (கோலாலம்பூர்)

நான் மாமா பக்கம்தான் பேசப் போகிறேன். யாரும் கோபப்படாதீர்கள்.

போன வருஷம் எங்கள் தாமானில் (குடியிருப்பில்) எங்கள் வீட்டுக்குள் மூன்று பேர் பாராங் கத்தியோடு வந்தார்கள். கணவர் வெளியூரில். நானும் என் மாமியாரும், பத்து வயசு மகனும். மாமியார் கழுத்தில் கத்தியை வைத்துத் தாலிக்கொடியை அறுத்தார்கள். போலீஸ் வருவதற்குள் எல்லாம் முடிந்துவிட்டது. இன்றுவரை மகன் தனியாகப் படுப்பதில்லை. அந்த இருபது நிமிஷம் என் கையில் ஏதாவது இருந்திருக்கக் கூடாதா என்று நான் நினைக்காத நாளில்லை. கெட்டவன் கையில் துப்பாக்கி இருக்கிறது. 2024 ஏப்ரலில் கேஎல்ஐஏ விமான நிலைய வருகை மண்டபத்திலேயே ஒருவன் தன் மனைவியைக் குறிவைத்துச் சுட்டான். குண்டு அந்தப் பெண்ணின் மெய்க்காவலர் மேல் பாய்ந்தது. அத்தனை கேமரா, அத்தனை போலீஸ் இருக்கிற இடம் அது. சட்டத்துக்குப் பயந்து நடக்கிறவன் மட்டும் வெறுங்கையோடு நிற்க வேண்டுமா?

தன் உயிரைக் காப்பாற்றிக்கொள்ள ஒரு மனுஷிக்கு உரிமை இல்லையா? இதற்கு யாராவது நேராகப் பதில் சொல்லுங்கள்.

குமாஸ்தா 10200 (ஜார்ஜ்டவுன்)

மீனா அக்கா, உங்களுக்கு நடந்தது யாருக்கும் நடக்கக் கூடாது. நேராகவே பதில் சொல்கிறேன். வழக்கறிஞர் அலுவலகத்தில் இருபது வருஷமாக வேலை பார்க்கிறேன்.

தற்காப்பு உரிமை உங்களுக்கு உண்டு. குற்றவியல் சட்டத் தொகுப்பின் 96ஆம் பிரிவிலிருந்து அதுதான் பேச்சு. உங்கள் உயிர் மட்டுமில்லை, அடுத்தவர் உயிரையும் காக்கலாம். அளவு மீறக் கூடாது என்பது 99ஆம் பிரிவு. ஆனால் அந்த உரிமையோடு துப்பாக்கியும் சேர்ந்து வருவதில்லை. துப்பாக்கிக்கு 1960ஆம் ஆண்டு ஆயுதச் சட்டம் தனியாக இருக்கிறது. அதன்படி லைசென்ஸ் தருவது மாநிலப் போலீஸ் தலைவர். தருவதும் மறுப்பதும் தந்ததைத் திரும்ப வாங்குவதும் அவர் கையில். நம் நாட்டில் இது உரிமை கிடையாது, அனுமதி. செம்பனைமகனின் மாமாவுக்கும் இதைத்தான் சொல்ல வேண்டும். நிலம், வீடு, கார் பிள்ளை பேருக்கு மாறும். லைசென்ஸ் மாறாது. தம்பி விரும்பினால் புதிதாக, தன் பேரில், தன் காரணத்தைச் சொல்லி விண்ணப்பிக்கலாம். அவ்வளவுதான்.

லைசென்ஸ் இல்லாமல் வைத்திருந்தால் ஆயுதச் சட்டத்தில் ஏழு வருஷம் வரை சிறை அல்லது 10,000 ரிங்கிட் வரை அபராதம், இல்லை இரண்டும். 1971ஆம் ஆண்டு வந்த கடுந்தண்டனைச் சட்டத்தில் வழக்குப் போட்டால் 14 வருஷம் வரை சிறை, ஆறு பிரம்படிக்குக் குறையாது. கொள்ளை, ஆள்கடத்தல் மாதிரிக் குற்றத்தில் கொல்லவோ காயப்படுத்தவோ எண்ணிச் சுட்டால், குண்டு யார் மேலும் படாவிட்டாலும் மரண தண்டனை என்று இருந்தது. 2023 ஜூலையிலிருந்து அது கட்டாயமில்லை. தூக்கு இல்லையென்றால் 30 முதல் 40 வருஷம் சிறையும் 12 பிரம்படிக்குக் குறையாமலும். கூட நின்றவனுக்கும் அதே கதிதான். தடுக்க என்னால் ஆனதைச் செய்தேன் என்று அவன்தான் நிரூபிக்க வேண்டும். நம் பையன்கள் "நான் சும்மா கூடப் போனேன்" என்று சொல்லிக்கொண்டு எங்கள் அலுவலகத்துக்கு வரும்போது எனக்கு வயிறு எரியும். அவர்களுடைய அம்மாக்கள் வெளியே பெஞ்சில் உட்கார்ந்திருப்பார்கள்.

ஓய்வு வாத்தியார் (செந்தூல்)

குமாஸ்தா தம்பி சட்டத்தைச் சொன்னார். அந்தச் சட்டத்துக்குப் பின்னால் நம் இனத்தின் கதை ஒன்று இருக்கிறது. இளையவர்கள் பலருக்குத் தெரியாது என்பதால் கொஞ்சம் நீட்டியே எழுதுகிறேன்.

1948 ஜூன் 16ஆம் தேதி சுங்கை சிப்புட்டில் மூன்று ஐரோப்பியத் தோட்டத் துரைமார்கள் சுட்டுக் கொல்லப்பட்டார்கள். இரண்டே நாளில், கம்யூனிஸ்டுகளை அடக்க என்று மலாயா முழுக்க அவசரகாலம் வந்தது. அனுமதியில்லாமல் துப்பாக்கி வைத்திருந்தால் தூக்கு என்று விதி போட்டார்கள். அந்த விதியில் மாட்டியவர்தான் எஸ். ஏ. கணபதி. தமிழ்நாட்டில் பிறந்து இங்கே வந்து, அகில மலாயா தொழிற்சங்க சம்மேளனத்துக்குத் தலைவரானவர். அவரிடம் கைத்துப்பாக்கியும் ஆறு தோட்டாவும் இருந்ததாக வழக்கு. போலீசிடம் ஒப்படைக்கத்தான் அதை எடுத்துப் போனார் என்று அவர் தரப்பில் சொல்லப்பட்டது. இந்திய அரசாங்கம் உயிருக்காகப் பரிந்து பேசியது. ஒன்றும் பலிக்கவில்லை. 1949 மே 4ஆம் தேதி புடு சிறையில் தூக்கிலிட்டார்கள். அந்தச் சிறை இருந்த இடத்தில் இன்றைக்குப் பேரங்காடி நிற்கிறது. அந்தப் பக்கம் போனால் எனக்குக் கால் ஓடாது.

செம்பனைமகன் துணியில் சுற்றிக் காரில் எடுத்துப் போனதைப் படித்ததும் எனக்கு முதலில் ஞாபகம் வந்தது கணபதிதான். காலம் வேறு, சட்டம் வேறு. ஆனாலும் மனசு பதறியது.

அதே அவசரகாலத்தில் தோட்டத்துக்குக் காவல் நிற்க நம் ஆட்களுக்கே அரசாங்கம் துப்பாக்கி கொடுத்ததும் நடந்தது. என் தாய்மாமா ஒருத்தர் ஸ்பெஷல் கான்ஸ்டபிளாக நின்றவர். ஒருவனுக்குத் துப்பாக்கி இருந்ததற்காகத் தூக்கு, இன்னொருவனுக்குத் துப்பாக்கி தூக்கினால்தான் சம்பளம். யார் கையில் இருக்கலாம் என்பதை முடிவு செய்தவன் வெள்ளைக்காரன். அதனால் "உரிமை" என்று மாமா சொல்வதை நான் ஒரேயடியாகத் தள்ள மாட்டேன். அதிகாரம் வைத்திருக்கிறவனிடம் மட்டும் ஆயுதம் இருப்பது எப்போதும் நல்லதற்கு என்று எனக்குத் தோன்றவில்லை. 2010இல் ஷா ஆலமில் ஒரு பள்ளி மாணவன் கார் ஓட்டிப் போகும்போது போலீஸ் சுட்டு இறந்தான், நாடே கொதித்தது. பொறுப்பு என்று பேசினால் சீருடைக்குள் இருக்கிற துப்பாக்கியையும் சேர்த்துத்தான் பேச வேண்டும்.

ஹூஸ்டன்வாசி

பிறந்தது ஆயர் ஈத்தாமில், ரைபிள் ரேஞ்ச் பிளாட். இப்போது அமெரிக்காவில் டெக்சாசில் இருக்கிறேன். மீனா அக்கா கேட்கிற உரிமை இங்கே முழுசாக இருக்கிறது, அதனால் பார்த்ததைச் சொல்கிறேன்.

இங்கே 1791இலேயே அரசியலமைப்பில் ஆயுதம் வைத்திருக்கும் உரிமையை எழுதிவிட்டார்கள். அது ஊர்ப்படைக்கா, தனி மனிதனுக்கா என்று நெடுங்காலம் வாதம் நடந்தது. 2008இல் உச்ச நீதிமன்றம், வீட்டில் தற்காப்புக்காக வைத்திருப்பது தனி மனிதனின் உரிமைதான் என்று தீர்ப்புக் கொடுத்தது. டெக்சாசில் 2021 செப்டம்பரிலிருந்து, சட்டப்படி தடை இல்லாத 21 வயசு நிரம்பியவர் கைத்துப்பாக்கியை வெளியே கொண்டுபோக லைசென்சே தேவையில்லை.

என் பக்கத்து வீட்டுக்காரர் நல்ல மனுஷன். இரும்புப் பெட்டகத்தில் பூட்டி, தோட்டாவை வேறு இடத்தில் பூட்டி வைப்பார். என் மகளை அவர் வீட்டுக்கு அனுப்பப் பயமே இல்லை. ஆனால் மற்ற வீட்டுக்கு விளையாட அனுப்புமுன் "உங்கள் வீட்டில் துப்பாக்கி இருக்கிறதா, பூட்டியிருக்கிறதா?" என்று கேட்டுவிட்டுத்தான் அனுப்புகிறேன். முதல் தடவை கேட்கும்போது நாக்கு கூசியது. பிள்ளை கைக்கு எட்டும்படி வைத்தால் இங்கேயும் குற்றம்தான், ஆனால் வழக்கு வருவது பெரும்பாலும் பிள்ளை செத்த பிறகு. நம் ஊரில் பூட்டு இருக்கிறதா என்று முதலில் கேட்கிறான், பிறகுதான் துப்பாக்கி. எனக்கு அதுதான் சரியென்று படுகிறது.

செராஸ் மீனா (கோலாலம்பூர்)

தம்பி, உங்கள் பக்கத்து வீட்டுக்காரர் மாதிரி நானும் பூட்டி வைப்பேன். எனக்குத் தெரியாதா?

காசுவண்டிக்காரன் (பட்டர்வொர்த்)

தங்கச்சி, கோவிச்சிக்காம கேளுங்க. பூட்டி வெச்சா, கழுத்துல கத்தி வெச்சவன் முன்னால அது உதவாது. பெட்டகத்தத் திறக்கணும், தோட்டா எடுக்கணும், போடணும். மூணு பேரு உள்ள வந்தாச்சு. பூட்டாம தலகாணிக்கு அடியில வெச்சா பத்து வயசு மகன் இருக்கான். ரெண்டுல ஒண்ணுதான் முடியும். இத நான் புத்தகத்துல படிக்கல. தினமும் அஞ்சு பேரு நின்னு எண்ணி, கையெழுத்துப் போட்டு, சூப்பர்வைசர் பார்த்தும் தப்பு நடக்கிற வேல இது. 2013ல சுபாங் ஜெயாவுல ஒரு பேங்க்ல காவலுக்கு நின்னவனே அதிகாரியச் சுட்டுக் கொன்னுட்டுப் பணத்தோட ஓடினான். அவன் ஐசி (அடையாள அட்டை) போலின்னு அப்புறம்தான் தெரிஞ்சது. அன்னையிலேர்ந்து ஜனங்க எங்களப் பார்த்த பார்வையே வேற.

தாதி (பாயான் லெப்பாஸ்)

இரவு வேலை முடிந்து வந்து படித்தேன். யாரும் தொடாத ஒன்றைச் சொல்ல வேண்டும்.

எல்லாரும் வெளியிலிருந்து வருகிறவனைப் பற்றியே பேசுகிறீர்கள். அமெரிக்காவில் துப்பாக்கியால் சாகிறவர்களில் பாதிக்கு மேல் தங்களைத் தாங்களே மாய்த்துக்கொள்கிறவர்கள். மனசு இருண்டுபோகிற நேரம் பலருக்கும் வரும், பெரும்பாலும் அது கடந்தும் போகும். அந்த நேரத்தில் திரும்பி வர முடியாத சாமான் ஒன்று வீட்டில் இருக்கிறதா இல்லையா என்பதில்தான் உயிர் நிற்கிறது. வார்டில் இதை எத்தனையோ தடவை பார்த்திருக்கிறேன். பிழைத்து எழுந்தவர்கள் என் கையைப் பிடித்துக்கொண்டு அழுதிருக்கிறார்கள்.

செம்பனைமகன், உங்கள் வீட்டில் இப்போதுதான் ஒரு சாவு நடந்திருக்கிறது. அம்மா பேசவில்லை என்று எழுதியிருக்கிறீர்கள். நீங்களும் தூங்குகிறீர்களா தெரியவில்லை. குறைந்தது இந்த வருஷம் அந்த அலமாரி காலியாகவே இருக்கட்டும். அம்மாவிடம் உட்கார்ந்து பேசுங்கள், அப்பாவைப் பற்றி.

பன்னிவேட்டை (சுங்கை பாக்காப்)

நான் 18 வருஷமா சுடுறவன். லைசென்ஸ் இருக்கு. வேட்டைக்குப் போனா பெர்ஹிலித்தான் (வனவிலங்கு இலாகா) லைசென்ஸ் தனி, அதுவும் இருக்கு. துப்பாக்கி வெச்சிருக்கிறவங்க எல்லாம் மோசமானவங்கன்னு யாரும் நினைக்கக் கூடாதுன்னுதான் எழுத வந்தேன். நாங்க பன்னி சுடலன்னா எத்தனையோ சின்னத் தோட்டம் இன்னைக்கு லாலாங் புல்லாத்தான் கிடக்கும்.

எனக்குச் சொல்லிக் கொடுத்தவரு ஒரு சீனப் பெரியவர். முதல் மூணு மாசம் தோட்டாவே கொடுக்கல. வெறும் துப்பாக்கிய மடக்கித் திறந்து, குழல்ல வெளிச்சம் தெரியுதான்னு பார்த்து, அடுத்தவன் கிட்ட திறந்தபடியே கொடுக்கணும். இதே வேல. வரப்பு தாண்டும்போது திறக்கணும், மோட்டார்ல ஏறும்போது திறக்கணும். சுடுறதுன்னு மனசுல முடிவாகாத வரைக்கும் விரல் விசை மேல போகக் கூடாது. பன்னி தெரிஞ்சா பத்தாது, பன்னிக்குப் பின்னால என்ன இருக்குன்னு தெரியணும். புதர் ஆடுதேன்னு சுடாதே, கண்ணு மின்னுதேன்னு சுடாதே. முழு உடம்பு தெரியுற வரைக்கும் காத்திரு, தெரியலன்னா போகட்டும்.

இதெல்லாம் ஏன்னு எனக்கு அப்போ புரியல. எங்க பக்கத்து ஊர்ல டுரியான் சீசன்ல ஒருத்தர் ராத்திரி பழம் பொறுக்கப் போனாரு. இன்னொருத்தர் பன்னின்னு நினைச்சி சுட்டுட்டாரு. ரெண்டு பேரும் சின்ன வயசுலேர்ந்து ஒரே பள்ளிக்கூடம். செத்தவருக்கு நான் காரியத்துக்குப் போனேன், சுட்டவர கோர்ட்டுல பார்த்தேன். ரெண்டாவதுதான் இன்னும் கஷ்டமா இருந்துச்சு. இந்த மாதிரி செய்தி வருஷா வருஷம் எங்கேயாவது வந்துக்கிட்டுத்தான் இருக்கு.

தம்பி, உங்கப்பா போல நீ சுட்டுப் பழகியிருக்கியா? அவர் கூடப் போயிருக்கியா? இல்லன்னா விண்ணப்பம் போடாதே. ஏக்கர் ஆறுதானே. சுடத் தெரிஞ்ச லைசென்ஸ்காரர வரச் சொல்லலாம். கன்றச் சுத்தி ஜிங்க் தகடு அடிக்கலாம். கரண்ட் வேலி மட்டும் வேண்டாம், நேரா லைன்லேர்ந்து இழுத்து மனுஷன் செத்த கதையும் இருக்கு.

ஹூஸ்டன்வாசி

பன்னிவேட்டை அண்ணே, நீங்கள் எழுதியதை இங்கே இருக்கிற என் நண்பர்களுக்கு வாசித்துக் காட்டினேன். இங்கேயும் காட்டுப்பன்னித் தொல்லை அதிகம்.

குமாஸ்தா 10200 (ஜார்ஜ்டவுன்)

ஒரு சின்னச் சேர்க்கை. விளையாட்டாகச் சுடுவது வேறு வழி. சங்கத்தில் சேர்ந்து, களத்தில், பயிற்சியாளர் பார்வையில். லண்டன் 2012 ஒலிம்பிக்கில் நம் நூர் சுரியானி எட்டு மாதக் கர்ப்பத்தோடு ஏர் ரைபிள் சுட்டாரே. துப்பாக்கியில் ஆசை இருக்கிற பையன்களுக்கு அந்த வழியைக் காட்டுங்கள். ஏர் ரைபிளுக்கும் லைசென்ஸ் வேண்டும் என்பதையும் சொல்லுங்கள். ஆன்லைனில் பொம்மை என்று விற்கிறதை வாங்கி மாட்டிக்கொள்ள வேண்டாம்.

செராஸ் மீனா (கோலாலம்பூர்)

எல்லாவற்றையும் இரண்டு தடவை படித்தேன். காசுவண்டி அண்ணன் கேட்ட கேள்விக்கு என்னிடம் பதில் இல்லை. ஆனாலும் என் பயம் போகவில்லை, அதைப் பொய் சொல்ல மாட்டேன். தாமானில் ராத்திரி ரோந்துக்கு ஆள் சேர்க்கிறோம். பெண்கள் நாங்களும் முறை வைத்து நடக்கிறோம், விசிலும் டார்ச்சும் வாட்சாப் குழுவும்தான். துப்பாக்கி வேண்டாம் என்று எனக்குச் சொல்கிற எல்லாரும் அவரவர் தாமானில் இதற்கு வாருங்கள். அதை மட்டும் உரிமையோடு கேட்கிறேன்.

செம்பனைமகன் (நிபோங் திபால்)

எல்லாருக்கும் நன்றி. காசுவண்டி அண்ணே, நீங்கள் சொன்ன பிறகுதான் நான் செய்ததன் கனம் தெரிந்தது. வாத்தியார் ஐயா எழுதியதை மாமாவுக்கும் படித்துக் காட்டினேன். கொஞ்ச நேரம் ஒன்றும் பேசாமல் இருந்தார்.

தாதி அக்கா சொன்னபடி நேற்று ராத்திரி அம்மாவோடு உட்கார்ந்தேன். முதலில் அப்பாவின் சாப்பாடு, சட்டை என்று என்னென்னவோ பேசினார். பிறகு தானாகவே சொன்னார். அப்பா தோட்டத்துக்குப் போகும்போதெல்லாம் அம்மாதான் தோட்டாவை எண்ணிக் கொடுப்பாராம். திரும்பி வந்ததும் அம்மாவே எண்ணி வாங்கிப் பூட்டுவாராம். சுட்டிருந்தால் வெறுங்கூட்டையும் எண்ண வேண்டும். எண்ணிக்கை ஒத்துப்போனால்தான் அப்பா கை கழுவிச் சாப்பிட உட்காருவாராம். இத்தனை வருஷமும் நாங்கள் பிள்ளைகள் தூங்கிய பிறகு நடந்திருக்கிறது. எனக்கு ஒரு நாள்கூடத் தெரியாது. "கடைசியா பதினாலு இருந்திச்சுடா, நீ பதினாலும் குடுத்தியா?" என்று கேட்டார். பாலாயில் கொடுத்த தாளை எடுத்துக் காட்டினேன். பதினாலு என்றுதான் எழுதியிருக்கிறது. அதைப் பார்த்த பிறகுதான் அம்மா அழுதார். அப்பா போனதிலிருந்து அழாதவர்.

மனைவி பக்கத்தில் இருந்து எல்லாவற்றையும் கேட்டார். "என்னால அப்படி எண்ண முடியாதுங்க" என்றார். என்னாலும் முடியாது. நான் அப்பாவோடு ஒரு ராத்திரிகூடத் தோட்டத்தில் நின்றதில்லை. விண்ணப்பம் போடவில்லை.

பன்னிவேட்டை அண்ணே, நீங்கள் சுங்கை பாக்காப் என்றால் பக்கம்தான். ஒரு நாள் வந்து தோட்டத்தைப் பார்க்க முடியுமா? மேற்கு ஓரத்தில் ஓடைப் பக்கம்தான் இறங்குகிறது. ஜிங்க் அடிக்க எவ்வளவு உயரம் வேண்டும்?

பன்னிவேட்டை (சுங்கை பாக்காப்)

ஞாயித்துக்கிழமை காலையில வர்றேன், வெளிச்சத்துல தடம் பார்க்கணும். ஜிங்க் மூணு அடி போதும், ஆனா ஒரு அடி மண்ணுக்குள்ள போகணும், இல்லன்னா கெல்லிக்கிட்டு வந்துடும். பழைய தகடு எங்கிட்ட கொஞ்சம் கிடக்கு, கொண்டாறேன். அம்மா கிட்ட சொல்லி வை, காப்பி மட்டும் போதும்.